மேல் வீட்டு அணில், கீழ் வீட்டு அணில்

ஸ்ரீவில்லிபுத்தூர்னு சொன்னதும் உங்களுக்கு என்னென்ன ஞாபகம் வரும்? ஆண்டாள், அரசு முத்திரைக் கோபுரம், பால்கோவா. பக்கத்துலயே ராஜபாளையம்னா நாய், பஞ்சு மில், மாம்பழம். இந்த லிஸ்ட்டுல அணிலைச் சேர்க்கிறவங்க ரொம்பக் கம்மி. ஆனா ரெண்டு ஊருக்கும் மேற்கே சுவர் மாதிரி நிக்குதே ஒரு மலைத்தொடர், அதுக்கு 1988-லேருந்து அரசாங்கப் பேரே அணில் பேருதான்: ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில்கள் சரணாலயம். யானை, சிறுத்தை, காட்டெருமை எல்லாம் நடமாடுற காட்டுக்கு ஒரு அணிலோட பேரை வைக்கிறாங்கன்னா, அந்த அணில்கிட்ட ஏதோ விஷயம் இருக்கணும் இல்லையா?

இருக்கு. இதுல இன்னொரு சுவாரசியம், அதே மலையில இன்னொரு பெரிய அணிலும் இருக்கு. ரெண்டும் ஒரே பேரினம். ஏறத்தாழ ஒரே சைஸ். ஒரே மாதிரி கூடு, ஒரே மாதிரி சாப்பாடு. சுத்தமான பங்காளிங்க. ஆனா உலக அளவுல அழியுற உயிரினங்களுக்குன்னு ஒரு பட்டியல் வச்சிருக்காங்களே, அதுல ஒருத்தருக்கு 'பெருசா கவலை இல்லை'ன்னும், இன்னொருத்தருக்கு 'ஆபத்தை நெருங்கிட்டார்'னும் போட்டிருக்காங்க. ஒரே குடும்பம், ஒரே ஊரு, அப்புறம் ஏன் இப்படி? பதில்ல பாதி உயிரியல், பாதி வரலாறு. அந்த வரலாற்றுப் பாதியைத்தான் இந்தப் பதிவுல சொல்லப் போறேன். நடுநடுவுல கொஞ்சம் சாஃப்ட்வேர் வாடை அடிக்கும், பொறுத்துக்கோங்க :-)

முதல்ல ஆளைத் தெரிஞ்சுக்குவோம்

நம்ம வீட்டு முற்றத்துல ஓடுதே முதுகுல மூணு கோடு போட்ட அணில், ராமர் தடவிக் கொடுத்ததா பாட்டி சொல்லுவாங்களே, அது இந்தக் கதையில கிடையாது. தமிழ்ல அணிலுக்கு எப்பவுமே ஒரு செல்லம் உண்டு. குறுந்தொகையில அணிலாடு முன்றிலார்னே ஒரு புலவர் இருக்கார். ஆனா அந்தச் செல்லம் எல்லாம் கோடு போட்ட சின்ன அணிலுக்குத்தான். விலங்கியல்படி பார்த்தா அதுக்கும் பெரிய அணில்களுக்கும் ரொம்ப தூரத்துச் சொந்தம், துணைக்குடும்பமே வேற.

பெரிய அணில்களோட பேரினத்துக்கு ரட்டுஃபான்னு பேரு. உலகத்துலயே மொத்தம் நாலு இனம்தான். அதுல மூணு இந்தியாவுல இருக்கு. வடகிழக்குல கறுப்பு மலை அணில் ஒண்ணு. மிச்ச ரெண்டும் நம்ம ஆளுங்க.

மலை அணில், அறிவியல் பேரு ரட்டுஃபா இண்டிகா. இங்கிலீஷ்ல மலபார் அணில்னும் சொல்லுவாங்க. முதுகு கருஞ்சிவப்பும் கறுப்புமா, அடிவயிறு பாலாடை நிறத்துல. பட்டுப்புடவை கட்டிக்கிட்டு மரம் ஏறின மாதிரி இருக்கும். தலையும் உடம்பும் ஒரு அடிக்கு மேல, வாலு கிட்டத்தட்ட ரெண்டு அடி வரைக்கும் போகும். மரத்துக்கு மரம் இருபது அடி தாண்டும்னு எழுதியிருக்காங்க.

சாம்பல் நிற அணில், ரட்டுஃபா மக்ரூரா. சைஸ் கொஞ்சம்தான் சின்னது. முதுகு சாம்பலும் பழுப்பும் கலந்தது, முடி நுனியெல்லாம் வெள்ளையா நரைச்ச மாதிரி இருக்கும். வாலும் அப்படித்தான், மாவு தூவின மாதிரி. உச்சந்தலையில கருமை, மூக்கு இளஞ்சிவப்பு. 'நரை அணில்'னும் இதைச் சொல்றாங்க, பொருத்தமான பேரு. பங்காளி பக்கத்துல நின்னா கலர்ல எடுபடாது. ஆனா பைனாகுலர்ல நிதானமாப் பார்த்தா அந்த நரைக்குன்னு ஒரு தனி அழகு இருக்கு.

பேர் வச்ச கதை

இந்த ரெண்டு அணிலுக்கும் பேர் வச்சவங்க யாரும் மேற்குத் தொடர்ச்சி மலையை எட்டிக்கூடப் பார்த்ததில்ல.

1752-லேருந்து 1757 வரைக்கும் இலங்கையில டச்சுக்காரங்களோட கவர்னரா இருந்தவர் யோவான் கிடியன் லோட்டன். உத்தியோகம் கிழக்கிந்திய கம்பெனியில, ஆசை பூராவும் பறவை, பிராணி மேல. கொழும்புல ஓவியர் ஒருத்தரை வச்சு, கண்ணுல பட்ட உயிரினத்தை எல்லாம் வரைய வச்சார். ஊருக்குத் திரும்பும்போது அந்தப் படங்களையும் கையோட கொண்டு போனார். நம்ம ஊர்த் தேன்சிட்டுல ஒண்ணுக்கு இன்னிக்கும் லோட்டன் பேருதான்.

அந்தப் படங்களை வச்சுத்தான் வேல்ஸ் நாட்டு இயற்கை ஆய்வாளர் தாமஸ் பெனன்ட், 1769-ல 'இண்டியன் ஸூவாலஜி'ன்னு ஒரு புத்தகம் போட்டார். இலங்கையோட பெரிய அணிலுக்கு அறிவியல்ல அந்த வருஷம்தான் பிறந்தநாள். மக்ரூரான்னா கிரேக்க மொழியில நீள வால்னு அர்த்தம். பங்காளிக்கும் வாலு அதே நீளம்தான், ஆனா பேரை முதல்ல ரிஜிஸ்டர் பண்ணினவருக்குத்தானே டொமைன்.

எட்டு வருஷம் கழிச்சு 1777-ல, ஜெர்மனியில கோட்டிங்கன்ல இருந்த எர்க்ஸ்லேபன், பம்பாய்ப் பக்கத்து அணிலுக்கு 'இண்டிகா'ன்னு பேர் வச்சார். ஆக, ஒருத்தர் இலங்கை ஆளாவும் இன்னொருத்தர் பம்பாய் ஆளாவும் பதிவானாங்க. ரெண்டு பேரும் ஒண்ணாக் குடியிருக்கிற நம்ம ஊர் மலை இந்த ரெக்கார்டுல எங்கயும் வரல.

அடுத்த முக்கியமான வருஷம் 1915. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1911-ல தொடங்கின பாலூட்டிகள் கணக்கெடுப்பு இந்தியா, பர்மா, இலங்கைன்னு நடந்துக்கிட்டிருந்த காலம். சேகரிச்ச தோல்களை எல்லாம் லண்டன்ல மேஜையில பரப்பி வச்சுப் பார்த்த ஓல்ட்ஃபீல்ட் தாமஸும் ராட்டனும், சாம்பல் நிற அணில்ல புதுசா உட்பிரிவு பிரிச்சாங்க. இலங்கை மலைநாட்டுல ஒண்ணு, மேற்குத் தாழ்நிலத்து ஈரக்காட்டுல ஒண்ணு, வறண்ட பகுதியில ஒண்ணு. இந்த மூணாவதுக்கு வச்ச பேரு 'டண்டொலினா'. சிங்களத்துல இந்த அணிலை 'தண்டு லேனா'ன்னு சொல்லுவாங்க, அதை அப்படியே லத்தீன் சட்டை போட்டு நிறுத்திட்டாங்க. நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்கிறதும் இந்த உட்பிரிவுதான். செண்பகத்தோப்புல புளியங்கா கடிச்சிக்கிட்டு இருக்கிற அணிலோட முழுப்பேர்ல ஒரு சிங்களச் சொல் ஒட்டிக்கிட்டு இருக்கு, யோசிச்சுப் பாருங்க.

மலை அணில் பக்கம் குழப்பம் வேற மாதிரி. ஊருக்கு ஊரு கலர் மாறும். ஆளாளுக்கு ஒரு உட்பிரிவு வச்சிட்டுப் போயிட்டாங்க. 1952-ல ஹுமாயூன் அப்துலாலியும் நாகர்கோவில்காரரான ஜே.சி. டேனியலும் உட்கார்ந்து இந்தக் கலர் கணக்கை வரிசைப்படுத்தினாங்க. விவாதம் அதோட முடியல, இன்னிக்கும் எத்தனை உட்பிரிவுன்னு ஆளுக்கொரு எண்ணிக்கை சொல்லுவாங்க.

பேர்ல என்ன இருக்கு, ரெண்டும் அணில்தானேன்னு கேக்கலாம். இதே மலைத்தொடர்ல இருந்து ஒரு உதாரணம் சொல்றேன். ஸ்ரீவில்லிபுத்தூர்க் காட்டுக்கு வடமேற்கே மேகமலை. 1948-ல அங்க எஸ்டேட்ல இருந்த ஆங்கஸ் ஹட்டன் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடிச்சு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். எல்லா ஊர்லயும் இருக்கிற சாதா வௌவால்னு லேபிள் ஒட்டி வச்சிட்டாங்க. கழகத்துச் சேகரிப்பை மறுபடி பார்த்த கிட்டி தொங்லொங்யான்னு தாய்லாந்து விலங்கியலாளர், இது சாதாவும் இல்ல, ஏற்கனவே தெரிஞ்ச எந்தப் பேரினமும் இல்லைன்னு கண்டுபிடிச்சு, 1972-ல சலீம் அலி பேரை அதுக்கு வச்சார். இருபத்துநாலு வருஷம் தப்பான லேபிளோட ஒரு பெட்டிக்குள்ள கிடந்தது அது. தனி இனம்னு தெரியாத வரைக்கும், அது குறையுதா கூடுதான்னு கேள்வியே வராது. பாதுகாப்பெல்லாம் அதுக்கப்புறம்தான்.

கடலைத் தாண்டின அணில்

இப்ப ஒரு வேடிக்கையைக் கவனிங்க. 'இண்டிகா'ங்கிற மலை அணில் இந்தியாவைத் தவிர உலகத்துல வேற எங்கயுமே கிடையாது. சாம்பல் நிற அணில் இலங்கையிலயும் இருக்கு, இங்கயும் இருக்கு. ஒரு நாட்டுல மட்டும் இருக்கிறதுக்குத்தான் ஆபத்து அதிகம்னு சாதாரணமா நினைப்போம். இங்க நேர் எதிர்.

காரணம் பரப்பு. மலை அணில் மேற்குத் தொடர்ச்சி மலை முழுக்க, கிழக்குத் தொடர்ச்சி மலையில, மத்திய இந்தியக் காடுகள்லன்னு விரிஞ்சு கிடக்கு. மகாராஷ்டிரத்துல இதுக்கு 'ஷேக்ரு'ன்னு பேரு, அந்த மாநிலத்தோட விலங்கே இதுதான். சாம்பல் நிற அணிலுக்கு இலங்கையில வறண்ட காட்டுலேருந்து மலைநாடு வரைக்கும் நல்ல பரப்பு இருக்கு. ஆனா பாக் நீரிணைக்கு இந்தப் பக்கம் துண்டு துண்டாத்தான். ஸ்ரீவில்லிபுத்தூர், பழனி மலை, ஆனைமலையோட கிழக்குச் சரிவு, கேரளாவுல சின்னார், சிறுமலை, காவிரிக்கரைக் காடுகள். வரைபடத்துல பொட்டு வச்ச மாதிரி, ஒரு பொட்டுலேருந்து அடுத்த பொட்டுக்குப் போக வழி இல்லாம இருக்கும்.

அது எப்படி ரெண்டு கரையிலயும் வந்தது? ஏறக்குறைய இருபதாயிரம் வருஷத்துக்கு முன்னாடி, பனியுகத்தோட உச்சத்துல, கடல்மட்டம் இப்ப இருக்கிறதை விட நூறு மீட்டருக்கு மேல கீழ இருந்தது. பாக் நீரிணை ஆழம் ரொம்பக் கம்மி. அன்னிக்கு அது கடலே இல்ல, தரை. இலங்கையும் தமிழ்நாடும் ஒரே நிலம். அதுக்கு முந்தின பனியுகங்கள்லயும் இதே கதைதான். நடுவுல இருந்தது உயரமில்லாத வறண்ட சமவெளி. ஆத்தங்கரை மரங்களைப் பிடிச்சே பிழைக்கிற அணிலுக்கு அந்த வழி தோதா இருந்திருக்கும், அடர்ந்த மலைக்காடு கேக்கிற அணிலுக்கு இருந்திருக்காது. மலை அணில் இலங்கையில இல்லாததுக்கு எனக்குப் பொருத்தமாப் படுற காரணம் இதுதான்.

மேல் வீடு, கீழ் வீடு

ஸ்ரீவில்லிபுத்தூர் மலையோட அமைப்பைக் கொஞ்சம் மனசுல கொண்டு வாங்க. கீழ நூறு மீட்டர்ல தொடங்கி மேல ரெண்டாயிரம் மீட்டர் வரைக்கும் ஏறுது. மறுபக்கம் கேரளா, பெரியாறு புலிகள் காப்பகம், தென்மேற்குப் பருவமழை கொட்டுற இடம். நம்ம பக்கம் மழைமறைவு. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி இருக்கிற காய்ஞ்ச சரிவு. ஆனா உச்சியில விழுற தண்ணி ஓடையா இறங்கி வரும். அந்த ஓடைகளோட ரெண்டு கரையிலயும் மட்டும் மருதம், நாவல், புங்கம், மா, புளின்னு பச்சை ரிப்பன் மாதிரி மரங்கள் நிக்கும்.

மேல இருக்கிற ஈரக்காடு மலை அணிலோட வீடு. கீழ இருக்கிற பச்சை ரிப்பன் சாம்பல் நிற அணிலோட வீடு. நடுவுல ரெண்டு பேரும் சந்திச்சுக்கிற இடங்களும் உண்டு, சின்னார்லயும் அப்படித்தான். பொதுவா மேல் போர்ஷன் அண்ணனுக்கு, கீழ் போர்ஷன் தம்பிக்குன்னு பாகப்பிரிவினை ஆயிருக்கு.

கம்ப்யூட்டர் படிச்சவங்களுக்கு ஒரு வரியில சொல்லணும்னா, மலை அணிலோட காடு ஒரு மெஷ் நெட்வொர்க். ஒரு மரம் விழுந்தா சுத்திப் போக இன்னும் பத்து வழி இருக்கு. சாம்பல் நிற அணிலோட காடு ஒரு லிங்க்டு லிஸ்ட். நடுவுல ஒரு நோடை எடுத்துட்டீங்கன்னா, அதுக்கப்புறம் இருக்கிறது எல்லாம் துண்டா போச்சு. இந்த அணில்கள் முடிஞ்ச வரைக்கும் தரையில இறங்காது. கிளையோட கிளை உரசுற இடமாப் பார்த்துத்தான் கூடு கட்டும், ஆபத்துன்னா அடுத்த மரத்துக்குத் தாவுறதுக்காக. தரையில இறங்கினா நாய்க்கோ சிறுத்தைக்கோ அது அரை நிமிஷ வேலை.

சரி, வரலாறு எங்க வருதுன்னு கேக்கறீங்களா? மனுஷன் குடியேறினது எந்த வீட்டுப் பக்கம்? கீழ் வீட்டுப் பக்கம். தண்ணி வர்ற ஓடை, வண்டல் மண்ணு, ஏறுறதுக்கு வசதியான அடிவாரம். விவசாயம் பண்றவன் எவனும் முதல்ல அங்கதான் கை வைப்பான். இன்னிக்கு மலையடிவாரத்துல நிக்கிற மாந்தோப்பும் தென்னந்தோப்பும் அப்படி வந்ததுதான். அய்யனார் கோயில் ஆத்துத் தண்ணிதான் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் வழியா ராஜபாளையத்துக்குக் குடிதண்ணியா வருது. வத்திராயிருப்புப் பக்கம் பிளவக்கல் அணை. செண்பகத்தோப்புக்கு மேல காட்டழகர் கோயில், அந்தப் பக்கம் சதுரகிரி, ஆடி அமாவாசைக்கு ஆயிரக்கணக்குல சனம். எல்லாமே ஓடையை ஒட்டித்தான், அதாவது லிங்க்டு லிஸ்ட் மேலதான்.

மேல் வீட்டுக்கும் எஸ்டேட், தேக்குன்னு அடி விழாம இல்ல. ஆனா செங்குத்தான சரிவு, கிட்டத்துல ஊரில்லாத தூரம்னு அதுக்கு இயற்கையே ஒரு காம்பவுண்ட் சுவர் கட்டி வச்சிருக்கு. தம்பி வீடு ரோட்டு மேல இருக்கு, அண்ணன் வீடு தெரு உள்ளுக்குள்ள இருக்கு. ரோடு அகலப்படுத்த வந்தா யார் வீடு முதல்ல போகும்?

ஒண்ணு சொல்லணும். தோப்புக்காரங்களை வில்லனாக்க நான் இதை எழுதல. காட்டு மரம் போன இடத்துல அவங்க வச்ச மாமரமும் புளியமரமும்தான் பல இடத்துல இந்த அணிலுக்கு அறுந்த சங்கிலியைக் கோத்துக் கொடுத்திருக்கு. காட்டு எல்லைக்கு வெளியில பட்டா நிலத்துல கூடு கட்டிக் குடியிருக்கிற அணில்கள் இருக்கு. காய் கடிச்சுப் போட்டா யாருக்குத்தான் கோபம் வராது? அந்தக் கோபத்தோடயே மரத்தை வெட்டாம வச்சிருக்கிறாங்களே, அந்தக் கணக்கு எந்த ரிப்போர்ட்லயும் வராது.

குளோபல் வேரியபிள், லோக்கல் வேரியபிள்

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் வெளியிடுற சிவப்புப் பட்டியல்ல மலை அணில் 'தீவாய்ப்பு கவலை குறைந்த இனம்'. சாம்பல் நிற அணில் 'அச்சுறு நிலையை அண்மித்த இனம்'. அதாவது இன்னும் அபாயக் கோட்டைத் தாண்டல, பக்கத்துல நிக்குது. சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற சைட்டிஸ் ஒப்பந்தத்துல ரெண்டும் இரண்டாம் இணைப்புலதான் இருக்கு, அதுல பேதம் இல்ல.

பட்டியல் தப்புன்னு சொல்ல வரல. அது கேக்கிற கேள்வி 'இந்த இனம் மொத்த உலகத்துல எப்படி இருக்கு'ங்கிறது. சாம்பல் நிற அணிலுக்கு அந்தக் கேள்விக்கான பதில்ல பெரும்பங்கு இலங்கையோடது. அங்க ஓரளவு நல்லா இருக்கிறதால சராசரி 'நெருங்குது'ன்னு வருது. நம்ம பக்கத்து எண்ணிக்கையை மட்டும் எடுத்தா, மதிப்பீடுகள் எல்லாமே சில நூறுகள்லதான் நிக்குது. அதுவும் ஒரே இடத்துல இல்ல, முன்னாடி சொன்ன அந்தப் பொட்டுகள்ல பிரிஞ்சு கிடக்கு. புரோகிராம் எழுதுறவங்களுக்குத் தெரியும், ஃபங்ஷனுக்குள்ள அதே பேர்ல லோக்கல் வேரியபிள் இருந்தா குளோபல் வேரியபிளோட மதிப்பு அங்க செல்லாது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குள்ள வந்துட்டா ஸ்ரீவில்லிபுத்தூர் மதிப்பைத்தான் படிக்கணும்.

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்ல. ஐரோப்பாவுல செவ்வணில்னு ஒண்ணு, உலகப் பட்டியல்ல கவலை குறைந்த இனம். ஐரோப்பாவுலேருந்து ஆசியாவோட அந்தக் கடைசி வரைக்கும் பரவிக் கிடக்கு. ஆனா பிரிட்டன்ல, 1876-ல அமெரிக்காவுலேருந்து கொண்டு வந்து விட்ட சாம்பல் அணில் (நம்ம ஆள் இல்ல, இது வேற சின்ன ரகம்) பெருகிப் பெருகி, செவ்வணிலை ஓரங்கட்டிருச்சு. 2020-ல பிரிட்டனுக்குன்னு தனியா பட்டியல் போட்டப்ப செவ்வணில் 'அழியும் நிலை'யில வந்தது. அங்க ஒரு அணில் இன்னொரு அணிலைத் துரத்துது. இங்க அண்ணன் தம்பிக்குள்ள அப்படி ஒரு சண்டையும் இல்ல, தம்பி வீட்டு மேல வந்தது மனுஷன்தான்.

'கவலை குறைந்த' மலை அணிலுக்கும் இதே பாடம் உண்டு. குஜராத் டாங்ஸ் காட்டுல வெளிறின நிறத்துல ஒரு உட்பிரிவு இருந்தது, 'டியல்பேட்டா'ன்னு பேரு. அது இப்ப இல்ல, அழிஞ்சிருச்சுன்னுதான் கருதுறாங்க. மொத்த இனத்தோட கட்டத்துல பச்சை விளக்கு எரிஞ்சிக்கிட்டு இருக்கும்போதே ஒரு மூலையில ஒரு கிளை பட்டுப் போச்சு. பட்டியல்ல அதுக்குத் தனி வரி கிடையாது.

1988-லேருந்து 2021 வரைக்கும்

1985-ல ராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரிச்சு, காமராஜர் பேர்ல நம்ம மாவட்டம் உருவாச்சு. (பின்னாடி 1997-ல விருதுநகர் மாவட்டம் ஆனது.) மாவட்டம் பிறந்து மூணு வருஷத்துல, 1988-ல, 1972-ஆம் வருஷத்து வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ சரணாலயம் அறிவிப்பு வந்தது. சுமார் 485 சதுர கிலோமீட்டர். யானை பேரையோ புலி பேரையோ வச்சிருந்தா யாரும் ஏன்னு கேட்டிருக்க மாட்டாங்க. அணில் பேரை வச்சது, இந்தக் காட்டோட தனிச்சொத்து எதுன்னு சரியாப் புரிஞ்சுக்கிட்டதோட அடையாளம்.

இந்த இடத்துல ஒருத்தரைச் சொல்லியே ஆகணும். நாங்குநேரியில பிறந்து, சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில விலங்கியல் சொல்லிக் கொடுத்து, அப்புறம் பந்திப்பூர்ல செந்நாய் ஆராய்ச்சி, டேராடூன்ல இந்திய வனஉயிரின நிறுவனம்னு போன ஏ.ஜே.டி. ஜான்சிங். 2024-ல காலமானார். அவரும் ஜோஷ்வாவும் சேர்ந்து, சாம்பல் நிற அணிலோட வாழிடத்தையும் எண்ணிக்கையையும் மனுஷத் தொந்தரவு எப்படிப் பாதிக்குதுன்னு 1994-ல 'பயலாஜிக்கல் கன்சர்வேஷன்' இதழ்ல எழுதினாங்க. செந்நாய், புலின்னு பெரிய ஆளுங்களையே பார்த்துக்கிட்டிருந்த ஒருத்தர் மரத்து மேல இருக்கிற இந்த நரைச்ச வாலையும் நிமிர்ந்து பார்த்தார்ங்கிறது சாதாரண விஷயம் இல்ல.

2021 பிப்ரவரியில அடுத்த திருப்பம். ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயத்தையும் மேகமலையையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் ஆக்கினாங்க. இந்தியாவோட 51-ஆவது, தமிழ்நாட்டோட 5-ஆவது. மொத்தம் 1016 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. வைகை பிறக்கிற மலையும் இதுக்குள்ள வந்துடுச்சு. காட்டுக்கு இது நம்ம நாட்டுச் சட்டத்துல ஒரு பெரிய பாதுகாப்பு. சந்தோஷமான விஷயம்தான்.

ஆனா ஒரு சின்னக் கணக்கு இடிக்குது. புலிகள் காப்பகம்னா உள்மையம், வெளிவட்டம்னு ரெண்டு வளையம். இங்க உள்மையம் சுமார் 642 சதுர கிலோமீட்டர், வெளிவட்டம் சுமார் 375. கறாரான பாதுகாப்பு உள்மையத்துக்கு, மனுஷ நடமாட்டத்தோட ஒத்துப்போற பாதுகாப்பு வெளிவட்டத்துக்கு. உயரமான அடர்காட்டுல இருக்கிற மலை அணிலுக்கு இந்த ஏற்பாடு அப்படியே பொருந்தும், புலிக்குக் காவல் போட்டா கூடவே அதுக்கும் காவல். சாம்பல் நிற அணில் குடியிருக்கிறது அடிவாரத்து ஓடைக்கரையில, காடும் தோப்பும் தொட்டுக்கிற விளிம்புல. அந்த விளிம்பு சில இடத்துல கோட்டுக்கு உள்ள, சில இடத்துல வெளிய. கோட்டுக்கு வெளிய இருக்கிற நாலு புளியமரத்துக்குப் புலிகள் காப்பகச் சட்டம் என்ன பண்ண முடியும்?

அதனாலதான் பெரிய போர்டுல புலி வந்ததுக்கு அப்புறமும் அணில் பேரை யாரும் மறந்துடக் கூடாதுன்னு எனக்குத் தோணுது. புலி கேக்கிறது விரிஞ்ச காடு. இந்த அணில் கேக்கிறது விட்டுப்போகாத ஒரு வரிசை மரம். ரெண்டும் வேற வேற கோரிக்கை, முதலாவதைக் கொடுத்துட்டா ரெண்டாவது தானா வந்துடாது. ஓடைக்கரையில விறகுக்குன்னு ஒரு மருதம் போகாம இருக்கணும், மேய்ச்சல்ல புதுக் கன்று மொட்டையாகாம இருக்கணும், பட்டா நிலத்துல கிளை கோத்து நிக்கிற பழைய மாமரத்தை வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை நிமிர்ந்து கூடு இருக்கான்னு பார்க்கணும். கோடிக்கணக்குல திட்டம் போடுற வேலையே இல்ல. அதே மரங்கள்தான் ஓடைக்கரை மண்ணையும் பிடிச்சு வைக்குது, அந்த ஓடைத் தண்ணியைத்தான் ராஜபாளையம் குழாயில பிடிக்குது.

அடுத்த தடவை ஸ்ரீவில்லிபுத்தூர் போறவங்க, பால்கோவா வாங்கின கையோட செண்பகத்தோப்புப் பக்கம் ஒரு எட்டு போயிட்டு வாங்க. வனத்துறைகிட்ட கேட்டு, அனுமதிச்ச இடம் வரைக்கும் போனாப் போதும். காலையில சீக்கிரம் போகணும். உச்சிவெயில்ல அதுவும் நம்மள மாதிரி கிளையில படுத்துரும். கீழ கடிச்சுப் போட்ட காய் கிடந்தா அங்கயே நின்னு மேல பாருங்க. ரெண்டு மரத்துக் கிளை சேர்ற இடத்துல சுள்ளியும் இலையுமா ஒரு உருண்டை தெரியும். கொஞ்சம் பொறுமையா நின்னீங்கன்னா மாவு தூவின மாதிரி ஒரு வாலு தொங்கும். பார்த்தவங்க எந்த மரத்துல பார்த்தீங்கன்னு பின்னூட்டத்துல மறக்காம எழுதுங்க. காட்டு மரமா, தோப்பு மரமாங்கிறதையும் சேர்த்து.